பழைய வீட்டின் கதையைத் தேடுகிறீர்களா? பக்கத்து வீட்டுப் பத்திரத்தில் ஆரம்பியுங்கள்

பூர்வீக வீடு எப்போது கட்டியது, யார் கட்டியது, நம் ஆட்கள் அந்த ஊருக்கு எப்போது வந்தார்கள் என்று தேட ஆரம்பிக்கும் எல்லோரும் முதலில் போய் நிற்பது பட்டா பார்க்கும் இணையதளத்தில்தான். சர்வே எண்ணைப் போட்டால் ஒரு பெயர் வரும், அது அப்பா பெயராகவோ பெரியப்பா பெயராகவோ இருக்கும், அதற்கு முன்னால் ஒன்றுமே இருக்காது. நானும் அங்கேதான் ஆரம்பித்தேன், ஒரு வாரம் வீணானது.

காரணம் ரொம்பச் சின்னது. கிராமத்து வீடு நத்தத்தில், அதாவது ஊர்க் குடியிருப்புக்கென்று ஒதுக்கிய நிலத்தில், இருக்கிறது, நத்தத்துக்குத் தீர்வை என்ற நிலவரி கிடையாது, தீர்வை வராத நிலத்தைப் பற்றி சர்க்கார் எதற்கு வரிவரியாக எழுதி வைக்கப் போகிறது? ஊர் வீடுகள் அத்தனைக்கும் சேர்த்துக் 'கிராம நத்தம்' என்று ஒரு சர்வே எண் போட்டு விட்டுவிட்டார்கள். ஒவ்வொரு மனையையும் தனித்தனியாக அளந்து எண் கொடுத்தது நத்தம் நிலவரித் திட்டத்தில்தான், அதாவது பெரும்பாலான ஊர்களில் 1980-களின் கடைசியிலும் 90-களிலும். இது வெள்ளைக்காரன் ஆரம்பித்த பழக்கமும் இல்லை. ராஜராஜன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டுகளில் ஒரு ஊரின் நிலக்கணக்கு வரும் இடத்தைப் பாருங்கள்: ஊர்நத்தம், கோயில், குளம், ஊடறுத்துப் போன வாய்க்கால், பறைச்சேரி, கம்மாணச்சேரி, சுடுகாடு எல்லாவற்றையும் கழித்துவிட்டு மீதி நிலத்துக்குத்தான் வரி. ஆயிரம் வருஷமாக அதே 'நத்தம்', அதே கழிவு. அதனால் உங்கள் வயலின் கதை சர்க்கார் கணக்கில் கிடைக்கும், உங்கள் வீட்டின் கதை அங்கே கிடைக்காது. வேறு இடத்தில் தேட வேண்டும்.

அந்த வேறு இடம் பத்திரம். அதிலும் உங்கள் வீட்டுப் பத்திரத்தைவிட பக்கத்து வீட்டுப் பத்திரம்.

கிராமத்தில் பாதி வீடுகளுக்குத் தொடர்ச்சியான பத்திரமே இருக்காது. தாத்தா கட்டினார், பிள்ளைகள் வாய்மொழியாகப் பாகம் பிரித்துக்கொண்டார்கள், ஒரு சுவர் எழுப்பிக்கொண்டார்கள், முடிந்தது. ஆனால் தெருவில் யாராவது ஒருவர் எப்போதாவது கடன்பட்டு விற்றிருப்பார், ஒத்தி வைத்திருப்பார், கோர்ட்டுக்குப் போயிருப்பார். அந்தப் பத்திரத்தில் சொத்து விவரம் எழுதும் இடத்தில் நான்கு மால், அதாவது நான்கு பக்க எல்லை, வரும்: கிழக்கே தெரு, மேற்கே இன்னார் மனை, வடக்கே இன்னார் ஓட்டு வீடு, தெற்கே பொதுச் சந்து. அந்த 'இன்னார்' உங்கள் கொள்ளுத்தாத்தாவாக இருப்பார். 'ஓட்டு வீடு' என்று எழுதியிருந்தால் அந்த வருஷம் உங்கள் வீட்டில் ஓடு ஏறிவிட்டது என்று அர்த்தம், 'கூரை வீடு' என்றால் இன்னும் ஏறவில்லை. 'இடிந்த மனை', 'காலி மனை', 'மச்சு வீடு', 'மாட்டுத்தொழு' எல்லாம் அப்படியே தேதியோடு கிடைக்கும் தகவல். பத்திரம் எழுதியவர் உங்கள் குடும்பத்தைப் பெருமைப்படுத்த எழுதவில்லை, எல்லையைக் காட்ட எழுதினார், அதனாலேயே அதை நம்பலாம்.

செய்ய வேண்டியது இதுதான். ஒரு பெரிய வெள்ளைத்தாளில் உங்கள் தெருவை இன்று இருக்கிறபடி வரையுங்கள். கிடைக்கிற ஒவ்வொரு பத்திரத்தையும் எடுத்து அந்த வருஷத்துக்குத் தனித்தாளில் அதே தெருவை வரைந்து நான்கு மாலில் வரும் பெயர்களை நிரப்புங்கள். நாலைந்து பத்திரம் சேர்ந்தாலே 1930-ல் யார் பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று தெரு கண் முன்னால் வரும். ஒரு மால் பொருந்தவில்லை என்றால் பத்திரம் தப்பு என்று உடனே தள்ளிவிடாதீர்கள். திசையைக் கொஞ்சம் சாய்த்து எழுதியிருப்பார்கள், அல்லது இடையில் ஒரு சந்து அடைபட்டிருக்கும். எங்கள் தெருவில் மூன்று பத்திரத்தில் வருகிற ஒரு 'வண்டிப்பாதை' இன்று எந்தப் பக்கம் பார்த்தாலும் இல்லை, அதைக் கண்டுபிடிக்கத்தான் எனக்கு அதிக நாள் ஆனது. கடைசியில் அது இரண்டு வீட்டுக் குளியலறைக்கு அடியில் இருந்தது. (அதைச் சத்தமாகச் சொல்லாதீர்கள், நான் சொல்லிவிட்டேன், இரண்டு வீட்டாரும் ஆறு மாதம் என்னோடு பேசவில்லை.)

பத்திரம் எங்கே கிடைக்கும்? முதலில் வில்லங்கச் சான்று, அதாவது அந்தச் சொத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல், கேட்டு மனுப் போடுங்கள். இணையத்தில் பெரும்பாலும் 1975-லிருந்துதான் வரும். அதற்கு முந்தைய காலத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கையால் தேடச் சொல்லி மனுக் கொடுக்க வேண்டும். அங்கே அசையாச் சொத்துப் பத்திரங்கள் எல்லாம் 1-ஆம் புத்தகத்தில் இருக்கும், அதற்கு ஆள் பெயர்படி ஓர் அட்டவணை, ஊர், சர்வே எண்படி இன்னோர் அட்டவணை. நத்தத்து வீட்டுக்கு எண்ணை வைத்துத் தேடினால் ஊர் முழுக்க வந்து கொட்டும், ஆகவே பெயரைப் பிடியுங்கள். பெயரைப் பிடிக்கும்போது ஒரு தொல்லை, ஒரே பெயர் தாத்தாவுக்கும் பேரனுக்கும் இருக்கும், இனிஷியல் கிடையாது. 'இன்னார் குமாரர்' என்பதை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். இப்போது உங்கள் ஊர் எந்தச் சார்பதிவாளர் அலுவலகத்தில் இருக்கிறதோ அது நாற்பது வருஷத்துக்கு முன்னால் வேறு அலுவலகத்தின் கீழ் இருந்திருக்கலாம், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். எண்ணும் வருஷமும் தெரிந்துவிட்டால் சான்றிட்ட நகல் வாங்குவது கஷ்டமில்லை.

ஒன்று சொல்லிவிடுகிறேன், சொத்துக்காகத் தேடுகிறீர்கள் என்று அலுவலகத்திலும் சொந்தக்காரர்களும் நினைத்துக்கொள்வார்கள். வரலாற்றுக்காக என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். பழகிக்கொள்ளுங்கள்.

பத்திரத்தைப் படிப்பதே ஒரு கலைதான். முத்திரைத்தாளின் தலையில் யார் முகம் இருக்கிறது என்று பாருங்கள். விக்டோரியா என்றால் 1901-க்கு முந்தைய அச்சு, ஏழாம் எட்வர்டு 1910 வரை, ஐந்தாம் ஜார்ஜ் 1936 ஜனவரி வரை, அதற்குப் பிறகு ஆறாம் ஜார்ஜ். பழைய தாளை வைத்திருந்து பின்னால் எழுதுவதும் உண்டு என்பதால் தாளின் பின்பக்கம் முத்திரைத்தாள் விற்றவர் எழுதிய தேதியைப் பார்த்துவிடுங்கள், வாங்கியவரின் பெயரும் ஊரும் அங்கே இருக்கும், பல சமயம் உள்ளே எழுதியிருப்பதைவிட அந்த இரண்டு வரி அதிகம் சொல்லும்.

தேதிதான் எல்லோரையும் குழப்பும். வருவாய்க் கணக்கில் வருவது பசலி என்ற வருவாய் ஆண்டு. பசலியோடு 590-ஐக் கூட்டுங்கள், அந்த வருஷம் ஜூலையில் ஆரம்பித்து அடுத்த ஜூனில் முடியும் ஆண்டு அது. பசலி 1360 என்றால் 1950 ஜூலை முதல் 1951 ஜூன் வரை. சக ஆண்டு என்றால் 78-ஐக் கூட்டுங்கள், கொல்லம் என்றால் 825-ஐ (ஆண்டின் முற்பாதியாக இருந்தால் 824). தமிழ் வருஷம் மட்டும் போட்டிருந்தால் அறுபது வருஷத்துக்கு ஒரு தடவை திரும்பி வரும் என்பதால் வேறு சாட்சி வேண்டும். 'துர்முகி வருஷம் ஆவணி மாதம்' என்று வாசல் நிலையில் செதுக்கியிருக்கிறது, அது 1896-ஆ 1956-ஆ? எழுத்தைப் பார்த்தால் பாதி தெரியும். எண்களைத் தமிழில் போட்டிருந்தால் பழையதாக இருக்க வாய்ப்பு அதிகம். ௲௮௱௯௰௬ என்பதைப் பார்த்து மலைக்க வேண்டாம், ௲ ஆயிரம், ௱ நூறு, ௰ பத்து, அப்படியே வாய்விட்டுப் படித்தால் ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றாறு. ௵ வருஷம், ௴ மாதம், ௳ நாள், ௸ மேற்படி. இந்த நாலு குறியையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பையில் வைத்துக்கொண்டால் போதும்.

சரி, இப்போது வீட்டுக்கே வருவோம்.

வீட்டைப் பார்த்துத் தேதி சொல்வதில் ஒரே ஒரு விதியை மறக்காதீர்கள்: ஒரு பொருள் 'இதற்கு முன்னால் இருக்க முடியாது' என்று மட்டும்தான் சொல்லும், 'இந்த வருஷம்தான்' என்று சொல்லவே சொல்லாது. நான் மேலே ஏறி ஓட்டைப் புரட்டிப் பார்த்து, கம்பெனி முத்திரையைப் படித்து, வீட்டுக்கு ஒரு வயசு சொல்லி, சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அனுப்பிவிட்டேன். ஒரு புயலுக்குப் பிறகு ஓட்டை மாற்றியது என்று அத்தை சாவகாசமாகச் சொன்னார். சுவர் அதைவிட ஒரு தலைமுறை பழையது.

ஆனாலும் ஓடு நல்ல சாட்சிதான். நம் பக்கத்தில் முதலில் இருந்தது குயவர் சக்கரத்தில் வனைந்து இரண்டாக அறுத்த நாட்டு ஓடு, அதை அடுக்கடுக்காகப் போட்டிருப்பார்கள். தட்டையாக, ஒன்றில் ஒன்று பூட்டிக்கொள்ளும் 'மங்களூர் ஓடு' வந்தது பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ சமய அமைப்பு 1865-ல் மங்களூரில் தொழிற்சாலை போட்ட பிறகு, அதுவும் ரயிலும் துறைமுகமும் பக்கத்தில் இருந்த ஊர்களுக்கு முதலில், உள்ளே தள்ளி இருந்த ஊர்களுக்கு ரொம்பக் கழித்து. ஆகவே மங்களூர் ஓட்டுக்கு அடியில் கைமரங்கள் நெருக்கமாக, கனமாக இருந்தால், அல்லது ஓட்டைத் தாங்கிய பழைய மரப்பட்டைகளை அடித்த ஆணித்துளை வேறு இடைவெளியில் தெரிந்தால், முன்னால் அங்கே நாட்டு ஓடோ கூரையோ இருந்தது என்று சந்தேகப்படலாம்.

சுவரைத் தட்டிப் பாருங்கள். சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கம் அடியில் செம்புராங்கல், மேலே செங்கல் என்று வரும். சுண்ணாம்புக் காரையா சிமெண்டா என்பது உதிர்ந்த இடத்தில் தெரியும், சுண்ணாம்பு வெள்ளையாக, நகத்தால் சுரண்டினால் பொடியாக வரும், சிமெண்ட் சாம்பல் நிறத்தில் முறைத்துக்கொண்டு நிற்கும். மதுக்கரையில் சிமெண்ட் ஆலை வந்தது 1934-ல், கிராமத்து வீட்டுக்குச் சிமெண்ட் சாதாரணமாக வந்து சேர்ந்தது அதற்கும் பிறகுதான். மேல்தளம் மரச்சட்டத்தின் மேல் செங்கல்லைக் குத்துவாட்டில் சாய்த்து அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட மெட்ராஸ் ஒட்டா, இரும்பு உத்திரம் போட்டதா என்று பாருங்கள். இரும்பு என்றால் அதன் பக்கவாட்டில் தயாரித்த ஆலையின் பெயர் எழும்பியிருக்கும். டாடா என்று இருந்தால் ஜாம்ஷெட்பூரில் எஃகு வார்க்க ஆரம்பித்த 1912-க்குப் பிறகு. சுண்ணாம்பு அடித்து அடித்து மூடியிருக்கும், ஈரத்துணியால் மெல்லத் துடைத்தால் போதும், கத்தியை எடுக்காதீர்கள்.

செட்டிநாட்டு வீடுகளைப் பற்றி ஆளாளுக்கு முந்நூறு வருஷம், ஐந்நூறு வருஷம் என்று அளப்பார்கள். ஊர்களும் ஒன்பது நகரக் கோயில்களும் பழையவைதான். ஆனால் காரைக்குடியிலும் கானாடுகாத்தானிலும் நாம் வாய் பிளந்து பார்க்கும் பெரிய வீடுகள் பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 1930-கள் வரைக்குள் அடங்கும். காரணம் பணம் வந்த வழி. 1852-ல் கீழ்ப் பர்மாவை ஆங்கிலேயர் பிடித்தார்கள், ஐராவதிப் படுகையில் நெல் விரிந்தது, அதற்குக் கடன் கொடுக்கப் போனவர்கள் தேக்கோடு திரும்பினார்கள். 1930-ல் உலகம் முழுக்க விலை விழுந்தது, 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கையில் விழுந்தது, அதோடு பெரிய வீடு கட்டுவது நின்றது. பர்மாத் தேக்குத் தூண் இருக்கிறது என்றால் இந்த இரண்டு எல்லைக்குள் யோசியுங்கள். இங்கே இன்னொரு சிக்கலும் உண்டு. கல்யாணமான ஒவ்வொரு மகனும் ஒரு புள்ளி, ஒவ்வொரு புள்ளிக்கும் வளவில் (உள் முற்றத்தைச் சுற்றிய பகுதியில்) ஓர் அறை, அப்படியே மூன்று தலைமுறை போனால் ஒரு வீட்டுக்கு எத்தனையோ பங்காளிகள், சிலர் சென்னையில், சிலர் மலேசியாவில். பத்திரத்தைவிட அவர்களின் கணக்கு நோட்டுகளும் கடிதங்களும்தான் வீட்டின் கதையைச் சொல்லும்.

நோட்டு என்றதும் மொய் நோட்டை விட்டுவிடக் கூடாது. நம் ஊர்களில் இதைப்போல ஓர் ஆவணம் வேறு கிடையாது, அதைப் பழைய பேப்பர்காரருக்குப் போடுகிறவர்களை என்ன சொல்ல. புதுமனை புகுவிழா மொய் நோட்டு கிடைத்துவிட்டால் வீட்டின் தேதி கிடைத்தது. அதோடு யார் வந்தார்கள், எந்த ஊரிலிருந்து, எவ்வளவு என்று முழு உறவுப் படமும் கிடைத்தது. கொழும்பு, ரங்கூன், பினாங்கு என்று ஊர்ப்பெயர் வந்தால் யார் எப்போது கடல் கடந்தார் என்பதும் தெரியும். டிரங்குப் பெட்டியில் ஜாதகம், கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை எதுவாக இருந்தாலும் எடுத்துவைத்துப் படம் பிடியுங்கள். ஜாதகத்தில் பிறந்த ஊர் இருக்கும், கல்யாணப் பத்திரிகையில் வீட்டுப் பெயரும் சொந்த ஊரும் இருக்கும்.

வீட்டை முடித்துவிட்டு ஊருக்கு வாருங்கள். ஊர் ஏன் அங்கே இருக்கிறது? எங்கள் பக்கம் என்றால் பதில் ஒன்றுதான், கண்மாய். முதலில் கண்மாய்க்கரையில் நடந்து போங்கள், மடை எங்கே இருக்கிறது, தண்ணீர் எந்தப் பக்கம் பாய்கிறது, நத்தம் எந்த மேட்டில் இருக்கிறது, ஊருணி எங்கே, காவல் தெய்வம் எந்த எல்லையில் என்று ஒரு நடையில் பார்த்துவிடலாம். மடைக்கல்லிலும் கண்மாய்க்குள் மதகை ஒட்டி நிற்கும் குமிழித்தூணிலும் எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள், வெட்டிக் கொடுத்தவர் பெயர் சில இடங்களில் இருக்கும். வெயில் சாய்ந்த நேரத்தில் பக்கவாட்டில் டார்ச் அடித்தால் மழுங்கிய எழுத்தும் எழும்பி நிற்கும். சுண்ணாம்போ பெயின்ட்டோ பூசி எழுத்தைத் 'தெளிவாக்குகிற' வேலையை மட்டும் செய்யாதீர்கள், தப்பாகப் படித்ததைத் தப்பாக வரைந்து வைத்த கல்வெட்டுகள் நாட்டில் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கின்றன.

ஊர்ப்பெயர் ஒரு சாட்சி, ஆனால் வாயாடிச் சாட்சி. மங்கலம் என்று முடிந்தால் பிராமணர்களுக்குக் கொடுத்த ஊராக இருந்திருக்கலாம், நல்லூர் புதிதாக ஏற்படுத்திய ஊர், ஏந்தல் என்றால் மழைநீரை ஏந்தும் சின்னக் கண்மாயை ஒட்டிய ஊர், பாளையம் என்றால் படை தங்கிய இடம் அல்லது நாயக்கர் காலத்துக்குப் பிந்திய குடியிருப்பு, கொங்கு நாட்டில் வலசு என்றால் வலசை வந்தவர்கள் ஊர். இதை வைத்து ஊகம் செய்யலாம், முடிவு செய்யக் கூடாது. 'ராமர் இங்கே வந்தபோது' என்று ஆரம்பிக்கும் பெயர்க்காரணத்தை நோட்டில் ஒரு பக்கத்தில் எழுதிவைத்துக்கொண்டு மேலே போங்கள்.

கிராமக் கணக்கில் 'பேச்சிராக்' என்று ஒரு வார்த்தை வந்தால் நின்று பாருங்கள். பாரசீகத்தில் விளக்கில்லாதது என்று பொருள், அதாவது எல்லை இருக்கிறது, சர்வே எண் இருக்கிறது, ஆள் குடியில்லை. அந்த ஊர்க்காரர்கள் எங்கே போனார்கள்? பெரும்பாலும் பக்கத்து ஊர்களில்தான் இருப்பார்கள், வருஷத்துக்கு ஒரு தடவை அந்தக் காட்டுக்குள் போய்ப் பொங்கல் வைத்துவிட்டு வருவார்கள். 1876–78 பஞ்சத்தில் ஆள் போன ஊர்கள் உண்டு, கண்மாய் உடைந்து போனவை உண்டு, அணைக்குள் போனவை உண்டு, மேட்டூரில் 1934-க்குப் பிறகு தண்ணீர் வற்றும்போது பண்ணவாடிப் பக்கம் நந்தியும் தேவாலயக் கோபுரமும் தலை தூக்குவதைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். பாழ்நத்தம், நத்தமேடு, திடல் என்று பெயருள்ள இடத்தில் ஓட்டாஞ்சில்லு கிடந்தால் படம் எடுங்கள், இடத்தைக் குறியுங்கள், தோண்டாதீர்கள், தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள். கீழடியில் அகழ்ந்த இடமும் பள்ளிச்சந்தைத் திடல் என்று பெயருள்ள ஒரு தென்னந்தோப்பு மேடுதான்.

குலதெய்வத்தைக் கேளுங்கள். உங்கள் வீட்டுக் குலதெய்வம் உள்ளூரில் இருக்கிறதா, நாற்பது மைல் தள்ளி இருக்கிறதா? தள்ளி இருந்தால் நீங்கள் வந்த வழி அது. உள்ளூரிலேயே இருந்தாலும் 'பிடிமண் கொண்டுவந்து வைத்தது' என்று யாராவது சொன்னால் எங்கிருந்து பிடிமண் என்று விடாமல் கேளுங்கள். இதையெல்லாம் ஆண்களிடம் கேட்டால் ராஜா, படை, பட்டயம் என்று போவார்கள். ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பெரிய மனுஷிகளிடம் கேளுங்கள். அவர்கள் வந்த நாளை மறக்கவே மாட்டார்கள், 'நான் வந்தப்ப இந்த முற்றத்துல தகரம் போடல, அடுப்படி அந்தப் பக்கம் இருந்துச்சு' என்று தொடங்கினால் கட்டட வரைபடமே வரைந்துவிடலாம். கேள்வியை வருஷத்தில் கேட்காதீர்கள், 'மூத்த பையன் பிறந்ததற்கு முன்னாலா பின்னாலா', 'தனுஷ்கோடிப் புயலுக்கு முன்னாலா' என்று கேளுங்கள். அந்தப் புயல் 1964 டிசம்பர், கரண்டு வந்த வருஷம், பெரிய வெள்ளம் வந்த வருஷம் என்று இப்படி நாலு ஆணி அடித்துக்கொண்டால் மற்றதை அதில் மாட்டலாம்.

அரசு ஆவணம் தேடும்போது உங்கள் ஊர் எந்தக் காலத்தில் யார் கையில் இருந்தது என்பதை முதலில் ஒரு வரியில் எழுதி ஒட்டிவையுங்கள். இல்லையென்றால் தப்பான அலமாரியில் தேடிக்கொண்டிருப்பீர்கள். சிவகங்கை மாவட்டம் 1985-ல்தான் பிறந்தது, அதற்கு முன் ராமநாதபுரம் மாவட்டம், அதுவும் 1910-ல் மதுரை, திருநெல்வேலி இரண்டிலிருந்தும் பிரித்து உண்டாக்கியது. அதனால் 1890-ல் அச்சான கல்வெட்டு அறிக்கையில் உங்கள் ஊர் மதுரை ஜில்லாவில் இருக்கும். புதுக்கோட்டை 1948 வரை தனிச் சமஸ்தானம், கன்னியாகுமரி 1956 நவம்பர் வரை திருவிதாங்கூர், 1949-க்குப் பிறகு திருவிதாங்கூர்-கொச்சிக் கணக்கு. ஜமீன் ஊரா, குடியானவர் நேரே சர்க்காருக்குத் தீர்வை கட்டிய ரயத்துவாரி ஊரா என்பது அடுத்த கேள்வி. ரயத்துவாரி என்றால் 19-ஆம் நூற்றாண்டு நிலவரித் திட்டப் பதிவேடு எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருக்க வாய்ப்புண்டு. ஜமீன் என்றால் 1948-ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகுதான் சர்க்கார் அளந்து பதிவேடு போட்டது, அதற்கு முன்னால் உள்ளதெல்லாம் சமஸ்தானக் கணக்கிலும் கோர்ட் வழக்குகளிலும் சிதறிக் கிடக்கிறது. ஊர்க் கணக்கு எழுதிய கர்ணம் வீட்டில் இருந்த கணக்கு அந்தப் பதவியை 1980-ல் எடுத்தபோது எங்கே போனது என்பது ஒவ்வொரு ஊரிலும் ஒரு தனிக் கதை. சில வீடுகளில் இன்னும் பரணில் இருக்கிறது, மரியாதையாகக் கேட்டால் காட்டுவார்கள்.

1961 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது தேர்ந்தெடுத்த சில கிராமங்களுக்கு வீடு, தெரு, தொழில், சாமி என்று தனித்தனியாக ஆய்வு நூலே போட்டார்கள். உங்கள் ஊர் அதில் இருந்தால் அதிர்ஷ்டம், இல்லாவிட்டாலும் பக்கத்து ஊர் நூல் ஒன்றைப் படித்துவிடுங்கள், என்ன மாதிரிக் கேள்வி கேட்க வேண்டும் என்று பிடிபடும்.

இவ்வளவும் தேடிய பிறகு உங்கள் வரைபடத்தைப் பார்த்தால் ஒரு பக்கம் வெறுமையாக இருக்கும். சேரி. அங்கே பத்திரம் குறைவு, கல்லும் ஓடும் குறைவு, கூரை வீடு இரண்டு மழைக்குத் தாங்காது, மற்றவர்கள் பத்திரத்தில்கூட பல சமயம் ஆள் பெயர் இல்லாமல் 'சேரிக்கு வடக்கு' என்று மொத்தமாகப் போட்டிருப்பார்கள். கண்மாய் வெட்டியதிலும் அந்த வீட்டுக் காரையை அரைத்ததிலும் அவர்கள் கை இல்லாமல் இருந்திருக்காது. 1892 அரசாணைப்படி ஒடுக்கப்பட்ட மக்களுக்குக் கொடுத்த பஞ்சமி நிலம் உங்கள் ஊரில் இருந்ததா என்று பழைய பதிவேட்டில் பாருங்கள், நீர்க்கட்டி, வெட்டியான், தலையாரி என்று ஊர் வேலை செய்தவர்களுக்கு விட்ட மானிய நிலங்களைப் பாருங்கள், முக்கியமாக அந்தத் தெருவுக்கே போய் உட்கார்ந்து கேளுங்கள். ஊர்த்திருவிழாவில் யாருக்கு எந்த வேலை, யாருக்கு எத்தனையாவது மரியாதை, எந்த வருஷம் எதற்காகச் சண்டை வந்து நின்றது என்று அவர்கள் சொல்லும் கதை உங்கள் தெருவில் சொன்ன கதையோடு பொருந்தாது. இரண்டையும் எழுதுங்கள், ஒன்றைக் காட்டி இன்னொன்றை வெட்டாதீர்கள்.

எழுதும்போது ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் எங்கிருந்து வந்தது என்று குறியுங்கள்: பத்திர எண்ணும் வருஷமும், அல்லது யார் சொன்னது, எந்தத் தேதியில் சொன்னது. ஊகம் என்றால் ஊகம் என்றே போடுங்கள். நகலை வீட்டில் மட்டும் வைக்காமல் ஒன்றை ஊர் நூலகத்துக்கோ பள்ளிக்கோ கொடுங்கள், கணினியில் வைத்தது எல்லாம் கணினியோடு போய்விடும்.

அப்புறம் பக்கத்து வீட்டுப் பத்திரம். அதை எப்படிக் கேட்பது என்றுதானே யோசிக்கிறீர்கள்? வெறுங்கையோடு போகாதீர்கள். உங்கள் வீட்டுப் பழைய பத்திரத்தின் நகலை எடுத்துக்கொண்டு போய், அதில் அவர்கள் தாத்தா பெயர் வடக்கு மாலில் இருப்பதைக் காட்டி, நகலை அவர்களிடமே கொடுத்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருங்கள். காபி வரும். அதற்குப் பிறகு யாராவது ஒருவர் எழுந்து உள்ளே போய் பீரோவைத் திறப்பார்.